பதினொரு புலிகளைக் காணோம்

கடைக்குள் நுழைந்ததும் ரேடியோ முதல் வேலையாக ஒரு போலீஸ்காரருக்கு சல்யூட் அடித்தான். அவர் பதிலுக்கு அடிக்கவில்லை. இன்னொரு முறை அடித்த பிறகுதான், அவருக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை என்பதைக் கவனித்தான்.

"துணிக்கடை பொம்மைக்கு எதுக்கு இவ்வளவு மரியாதை?" என்றாள் அண்ணி.

"பழக்கம் அண்ணி. உள்ளே தலை இருக்கான்னு பாத்துட்டா எல்லாரும் சல்யூட் அடிக்கறாங்க?"

அவனை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் மூடமாட்டான், அவ்வளவுதான் காரணம். அண்ணி அவனுடைய அண்ணன் மனைவி. ஒரு காலத்தில் லிஃப்ட் கம்பெனியில் சி மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். மேலே போகிறவர்கள் பத்திரமாகக் கீழே வந்து சேர வேண்டுமே என்று அங்கே கவலைப்பட்ட ஒரே ஆள் தான்தான் என்று தெரிந்த நாளில் வேலையை விட்டுவிட்டு, வீட்டு வாசலில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினாள். வேலையில்லாமல் இருந்த கொழுந்தன் தானாகவே உதவியாளன் ஆகிவிட்டான்.

இன்று அவர்களை அழைத்து வந்திருந்தது ஒரு தையல்காரம்மா. நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உடுப்பு வாடகைக்கு விடும் அந்தக் கடையில், தைப்பதும் பாதுகாப்பதும் அவள் பொறுப்பு. பேசும்போது அவள் கை அடிக்கடி இடுப்புக்குப் போய் வெறுமனே திரும்பியது. கடையின் சாவிக்கொத்து தொங்கிய இடம் அது. காலையில் முதலாளி அதைப் பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

"பன்னெண்டுல பதினொரு புலியைத் திருடிட்டேனாம். சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து வைக்கலைன்னா போலீஸாம்," என்றாள் தையல்காரம்மா. "ஒரு புலி தைக்கறதுக்குள்ளயே எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. திருடின்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, அப்புறம் எந்தக் கடையில என்னை ஊசி தொட விடுவான்?"

"பதினொண்ணு திருடினவங்க ஒண்ணை மட்டும் ஏம்மா விட்டு வெச்சீங்க?" என்றான் ரேடியோ. "துணைக்கு இருக்கட்டும்னா?"

அண்ணி அவன் காலை மிதித்தாள். ஒலிபரப்பு தற்காலிகமாக நின்றது.

முதலாளி அவர்களைப் புதுக் கூடத்துக்கு அழைத்துப்போனார். கூரையில் வரிசையாகப் பன்னிரண்டு இரும்பு வளையங்கள். கம்பி வாங்கினால் செலவு என்பதால், முதலாளியே கண்டுபிடித்த முறை அது: வளையத்தில் ஒரு ஹேங்கர், அந்த ஹேங்கரின் கழுத்தில் அடுத்தது, அதன் கழுத்தில் அதற்கடுத்தது. உடுப்பு வர வரச் சங்கிலி நீளும். போகப் போகக் குறையும். நடுவில் ஒன்றை அவசரப்பட்டு உருவினால், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் தலையில் விழும். பழைய கூடத்தில் இப்படித்தான் மகாராஜாக்களும் கைதிகளும் ஒருவர் கழுத்தில் ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

புதுக் கூடம் நேற்றுத்தான் திறந்தது. முதல் வளையத்தில் ஒரு புலி உடுப்பு தொங்கியது. மற்ற பதினொன்றும் மொட்டையாக இருந்தன. ஆனால் சுவரில் இருந்த பெரிய திரையில், பன்னிரண்டு வளையத்துக்கும் எதிரே 'புலி' என்று பச்சை எழுத்து பளிச்சிட்டது.

"பாத்தீங்களா? பன்னெண்டு!" என்றார் முதலாளி.

"மேலே பாத்தா ஒண்ணுதானே இருக்கு?" என்றாள் அண்ணி.

"அதான் சொல்றேன். பதினொண்ணு போயிடுச்சு!"

"எத்தனை புலி தைக்கச் சொன்னீங்க?"

"ஒண்ணு."

"எத்தனைக்குத் துணி எடுத்துக் கொடுத்தீங்க?"

"ஒண்ணுக்கு. அதுலயும் வாலுக்கு ஒட்டுத்துணிதான்."

"அப்போ பன்னெண்டு எங்கேருந்து வந்துச்சு?"

முதலாளி கொஞ்சம் யோசித்தார். யோசனை அவருக்கு இறுக்கமான சட்டை போட்ட மாதிரி இருந்தது. "இந்தாம்மா, எங்கேருந்து வந்துச்சுங்கறது வந்தப்போ கேட்க வேண்டிய கேள்வி. இப்போ எங்கே போச்சுன்னு கேட்கணும்."

"சரியாச் சொன்னீங்க மாமா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

முதலாளியின் மனைவியுடைய தம்பி அவன். முதலாளி 'மச்சான்' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடையில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் அவன் 'மச்சான் சார்' ஆகிவிட்டான். கடையின் கம்ப்யூட்டர் புரோகிராமை எழுதியவன் அவன்தான். கை குலுக்குவதற்கு முன்பே இருவர் கையிலும் தன் விசிட்டிங் கார்டைத் திணித்தான்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மேடம். ஆளுங்கதான் சொல்வாங்க. நல்லாப் பாருங்க, பன்னெண்டு புலிக்கும் ஒரே அளவு, ஒரே கோடு, எல்லாத்துக்கும் இடது காதுல ஒட்டு. ஒரே கை தைச்சிருக்கு. அதே கைதான் தூக்கியிருக்கு."

"காதுல என்ன ஒட்டு?" என்று அண்ணி தையல்காரம்மாவிடம் கேட்டாள்.

"நேத்து எலி கடிச்சுடுச்சும்மா. ஒட்டுப் போட்டுட்டு அதையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன். முதல் வளையத்துல மட்டும்தான் ஏத்தினேன்."

"ஒரே எலி," என்றான் ரேடியோ, "பன்னெண்டு புலி மேல ஏறி, பன்னெண்டு தடவையும் இடது காதை மட்டும் பாத்துக் கடிச்சிருக்கு. இதுக்கு எங்க ஆபீஸ்ல வேலை போட்டுக் கொடுக்கலாம் அண்ணி. என்னைவிட ஒழுங்காச் செய்யும்."

"முதல்ல நீ ஒரு வேலையை ஒழுங்காச் செய். அந்தப் புலியை மாட்டிக்கோ."

"நானா?"

"இருக்கற புலி நிஜமான்னு முதலாளி தொட்டுப் பாக்கணும்."

ரேடியோ புலிக்குள் இறங்கினான். தையல்காரம்மா முதுகுப்பக்கம் ஜிப்பை இழுத்தாள். கழுத்துக்குப் போனதும் ஜிப் நின்றுவிட்டது. மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை. புலியின் வாய் வழியாகத்தான் அவனுக்கு இனி உலகம் தெரியும் என்றாயிற்று.

"பாருங்க, ஒரு புலி," என்றாள் அண்ணி. திரைக்குக் கீழே இருந்த விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, முதல் வளையத்துக்குப் போய், 'இடது காது' என்று இருந்ததை 'வலது காது' என்று மாற்றினாள்.

பன்னிரண்டு வளையத்திலும் ஒட்டு வலது காதுக்குத் தாவியது.

முதலாளி வாயைப் பிளந்தார். "திருடன் கையில இருக்கற புலிக்குக்கூட காது மாறுதா?"

"மாமா, அவ்வளவு பவர்ஃபுல் புரோகிராம்," என்றான் மச்சான் பெருமையாக.

"நீங்க எழுதினதைக் கொஞ்சம் காட்டுங்க," என்றாள் அண்ணி.

அவன் ஆசையாகவே காட்டினான். அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அண்ணி திரையில் ஓடிய வரிகளை மேலிருந்து கீழே படித்தாள். ஒரு இடத்தில் அவள் கண் நின்றது. பிறகு இன்னொரு இடத்தில், இன்னும் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. அந்த இரண்டாவது இடத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணி சும்மா இருந்தால் அதில் விஷயம் இருக்கிறது என்பது புலிக்குள் இருந்த ரேடியோவுக்குத் தெரியும்.

"முதலாளி, கூரையில பன்னெண்டு வளையம் இருக்கு. கம்ப்யூட்டருக்குள்ளேயும் அதே மாதிரி ஒரு வரிசை இருக்கு. அர்ரேன்னு சொல்வாங்க. ஆனா அந்த வரிசையில உடுப்பு இருக்காது. ஒவ்வொரு இடத்துலயும் ஒரு விலாசம் மட்டும் இருக்கும். 'இந்த வளையத்தோட சங்கிலி இந்த இடத்துல ஆரம்பிக்குது, அங்கே போய்ப் பாரு'ங்கற மாதிரி. அதுக்குப் பேரு பாயிண்டர். சங்கிலி நீளும், குறையும். அதுக்கு வேண்டிய இடத்தை மால்லாக்னு ஒரு கட்டளை போட்டு கம்ப்யூட்டர்கிட்ட கேட்டு வாங்கணும்."

"வாங்கறதா? அதுக்கு வேற செலவா?" என்று பதறினார் முதலாளி.

"காசு இல்ல, இடம்தான். பன்னெண்டு வளையம்னா பன்னெண்டு தடவை தனித்தனியாக் கேட்கணும். பழைய கூடத்துக்கு உங்க மச்சான் அப்படித்தான் கேட்டிருக்காரு. அங்கே தகராறே இல்ல. புதுக் கூடத்துக்கு மட்டும்..." அண்ணி மச்சானைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்களேன்."

மச்சான் நெஞ்சை நிமிர்த்தினான். "சிக்கனம் மேடம்! பன்னெண்டும் காலியாத்தானே இருக்கு? காலியா இருக்கறதுக்கு எதுக்குப் பன்னெண்டு? எல்லாக் காலியும் ஒண்ணுதான். ஒரே ஒரு காலிச் சங்கிலி செஞ்சேன். பன்னெண்டு வளையத்துக்கும் அதையே மாட்டினேன்."

"இதுக்குத்தான் நான் கேடயம் கொடுத்தேன்!" என்றார் முதலாளி. மச்சானின் கண்ணாடி அறைச் சுவரில் அது மின்னிக்கொண்டிருந்தது. 'மெமரி சிக்கனச் செம்மல்.'

"பன்னெண்டு பேருக்கும் ஒரே வீட்டு விலாசத்தைக் கொடுத்துட்டாரு," என்றாள் அண்ணி. "வீடு காலியா இருந்த வரைக்கும் யாருக்கும் தெரியலை. முதல் வளையத்துக்காரங்க உள்ளே ஒரு புலியைக் கொண்டு போய் விட்டாங்க. இப்போ பன்னெண்டு பேருல யார் போய்க் கதவைத் தட்டினாலும் அதே புலிதான் எட்டிப் பாக்குது. உங்ககிட்ட இருந்தது ஒரு புலி. அது இதோ பேசிட்டிருக்கு."

"பேசலை, வேர்த்துட்டிருக்கு," என்றது புலி.

தையல்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். முதலாளியின் கை சட்டைப்பையில் இருந்த சாவிக்கொத்தைத் தொட்டது. அந்த நேரம் பார்த்து மச்சான் குறுக்கே வந்தான்.

"மாமா, புலி போகட்டும். வெல்வெட் ராணி உடுப்பு? பழைய கூடத்துல இருந்தது. காலையிலேருந்து காணோம். அது நிஜமாவே இருந்த உடுப்புதானே? நானே தொட்டுப் பாத்திருக்கேன். அந்தக் கூடத்துச் சாவி நேத்து ராத்திரி வரைக்கும் யார் இடுப்புல இருந்துச்சு?"

முதலாளி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது. சாவிக்கொத்தைத் தொட்ட கை இப்போது ஃபோனை எடுத்தது.

"நான் இன்ஸ்பெக்டரை வரச் சொல்றேன். புலியாவது கணக்குல தப்புன்னு சொல்லலாம். ராணியைக் கையும் களவுமா..."

"ராணி உடுப்பைப் பத்தி நான்தானே உங்ககிட்ட முதல்ல சொன்னேன்!" தையல்காரம்மா முதலாளியின் முன்னால் போய் நின்றாள். "வாடகைக்கே போகாத உடுப்புக்கு அடி விளிம்புல எப்படிப் புழுதி வரும்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க? 'கம்ப்யூட்டர்ல கேட்டேன், உடுப்பு இடத்துலதான் இருக்கு, உனக்குத்தான் கண்ணு சரியில்லை'ன்னீங்க. அதுக்கப்புறம்தான் இந்தப் புலி வந்து என் மேல பாஞ்சுது."

மச்சான் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் கண்ணாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். முதலாளி ஃபோனில் இன்ஸ்பெக்டரிடம் பேச ஆரம்பித்தார்.

தையல்காரம்மா கீழே உட்கார்ந்துவிட்டாள். புலிக் கேஸிலிருந்து தப்பி ராணிக் கேஸில் மாட்டிக்கொண்டாள். திருடாததற்குக்கூட சாட்சி கொண்டுவந்த அண்ணி, நிஜத் திருட்டுக்கு என்ன செய்யப்போகிறாள் என்று ரேடியோவுக்குப் புரியவில்லை. உள்ளே வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்க முடியவில்லை, கையில் புலி நகம்.

அண்ணி அவன் பக்கத்தில் வந்து, புலியின் காதில் மெதுவாகக் கேட்டாள்: "ரேடியோ, கூரையில வளையம் எத்தனை?"

"பன்னெண்டு."

"அவரு எழுதின வரிசையில இடம் எத்தனை தெரியுமா? பதிமூணு."

"எண்ணத் தெரியாதா அவருக்கு?"

"நல்லாவே தெரியும். பதிமூணாவது இடத்தைத் திரையில காட்டாதேன்னு தனியா ஒரு வரி எழுதி வெச்சிருக்காரு. அது அவரோட சொந்த வளையம். ரகசியமா ஒரு வாடகை வந்தா புதுசா ஒரு சங்கிலி வாங்கி மாட்டுவாரு. உடுப்பு அவரு கைக்குத் திரும்பி வந்ததும் சங்கிலியைக் கழட்டி, இடத்தைத் திருப்பிக் கொடுத்துடுவாரு. இப்போ காலியா இருக்கு. உள்ளே என்ன எழுதுவாருன்னு பாக்கணும்."

"காட்டாதேன்னு எழுதி வெச்சிருக்காரே, எப்படிப் பாக்கறது?"

"அவரோட சிக்கனம் காட்டும்," என்று சொல்லிவிட்டு அண்ணி விசைப்பலகைக்குப் போனாள். முதல் வளையத்திலிருந்து புலியை நீக்கினாள்.

திரையில் முதல் வளையம் 'காலி' என்று காட்டியது. மற்ற பதினொன்றிலும் எழுத்துகள் புழு நெளிந்த மாதிரி அர்த்தமில்லாமல் குழம்பின.

"ஐயோ! இருந்த ஒரு புலியும் போச்சே!" என்றார் முதலாளி, புலியின் தோளைப் பிடித்துக்கொண்டே.

"அது எங்கேயும் போகலை, நீங்க பிடிச்சிட்டிருக்கறதே அதைத்தான்," என்றாள் அண்ணி. "முதல் வளையத்துல கடைசி உடுப்பும் போனதால, அந்தச் சங்கிலியோட இடத்தை புரோகிராம் திருப்பிக் கொடுத்துடுச்சு. வீட்டைக் காலி பண்ணியாச்சு. ஆனா வீடு காலின்னு முதல் வளையத்துக்கு மட்டும்தான் தெரியும். மத்த பதினொரு பேரும் பழைய விலாசத்தைப் பையில வெச்சுக்கிட்டு இன்னும் அதே கதவைத் தட்டறாங்க. இனி அந்த வீட்டுக்கு யார் குடி வந்தாலும் இந்தப் பதினொரு பேருக்கும் தெரியும்."

"யாரு வருவாங்க?"

"அடுத்தாப்பல அதே அளவு இடம் கேட்கறவங்களுக்கு, இப்போ காலியானதையே தூக்கிக் கொடுக்கறது கம்ப்யூட்டரோட வழக்கம். எப்பவும் அப்படித்தான்னு சத்தியம் பண்ண முடியாது. சில சமயம் புரோகிராமே வேலை செய்யாம உக்காந்துடும்." அண்ணி ரேடியோவைப் பார்த்தாள். அவன் முகம் தெரியாததால் பற்களைப் பார்த்துச் சொன்னாள். "உனக்குக் கார்டு கொடுத்தாருல்ல? அதுல நம்பர் இருக்கும். உனக்கு அவசரமா ஒரு ராணி வேணும். கடைக்குத் தெரியாம வேணும்."

ரேடியோவுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததே இல்லை. தையல்காரம்மா ஃபோனில் நம்பரை அழுத்தி, புலியின் வாய்க்குள் வைத்தாள்.

"ஹலோ," என்றான். பஞ்சு அடைத்த தலைக்குள்ளிருந்து வந்த குரல், தொண்டை கட்டிய பெரிய மனிதரின் குரல் மாதிரி இருந்தது. "தம்பி, நாடகக் கம்பெனி மேனேஜர் பேசறேன். நம்ம வில்லன் நடிகர்தான் உங்க நம்பர் கொடுத்தாரு. வெல்வெட்ல ராணி உடுப்பு ஒண்ணு உடனே வேணும். கடை வழியா வேணாம். ரசீது கிசீதுன்னு இழுத்தடிப்பாங்க."

கண்ணாடி அறைக்குள் மச்சான் நாற்காலியைத் திருப்பி, கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டான். "கடை வழியா எதுக்கு சார்? நம்மகிட்டயே இருக்கு. தயாரா இருக்கு. குரல் ஏன் சார் இப்படி இருக்கு?"

"நான் ஒரு வேஷத்துல மாட்டிக்கிட்டேன் தம்பி."

"நடிப்புன்னா அப்படித்தான் சார் மூழ்கணும்," என்றான் மச்சான் உருக்கமாக. "ஒரு நிமிஷம். என்ட்ரி போட்டுடறேன். நான் எதையும் என்ட்ரி போடாம செய்யமாட்டேன். அதுதான் என் பழக்கம்."

அவன் விரல்கள் தட்டுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. முதலாளி, தையல்காரம்மா, அண்ணி மூவரும் திரையைப் பார்த்தார்கள். ரேடியோ புலியின் வாயை நிமிர்த்திப் பார்த்தான். புழுக்கள் ஒரு கணம் அசையவே இல்லை. திரை உட்கார்ந்துவிட்டதோ என்று பயந்தான்.

பிறகு, இரண்டாவது வளையத்திலிருந்து பன்னிரண்டாவது வரை, பதினொரு வரியும் ஒன்றாக மாறின.

'சொந்தம். வெல்வெட் ராணி உடுப்பு. நாடகக் கம்பெனி மேனேஜருக்கு. இப்போது என் கார் டிக்கியில்.'

முதலாளி அதைப் பதினொரு முறையும் படித்தார். ஒவ்வொரு வரியிலும் வேறு ஏதாவது எழுதியிருக்கக்கூடாதா என்ற ஆசை அவர் முகத்தில் தெரிந்தது.

"ரகசியமா ஒரு வீடு பாத்துக் குடி வந்தாரு," என்றாள் அண்ணி. "அந்த வீட்டுக்குப் பதினொரு வாசல் இருக்கறதை அவரே மறந்துட்டாரு."

மச்சான் சிரித்த முகத்தோடு வெளியே வந்தான். திரையைப் பார்த்தான். சிரிப்பு அங்கேயே தொங்கியது, எடுத்து மாட்ட ஆளில்லாத ஹேங்கர் மாதிரி.

"மாமா! இது தப்பு! கம்ப்யூட்டர் தப்பாக் காட்டுது!"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு நீதானேடா சொன்னே?"

"அது... மத்தவங்களைப் பத்திச் சொல்றப்போ மாமா!"

அப்போது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உடுப்பைக் கழட்டி அந்த மேஜையில வெச்சுட்டுப் போப்பா. தொப்பியையும் வை, போன தடவை தொப்பியைத் தொலைச்சுட்டே," என்றார்.

ரேடியோ இந்த முறை சல்யூட் அடிக்கும் முன் தலை இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. கோபமாகவும் இருந்தது.

"பதினொரு புலி, ஒரு ராணி காணோம்னு ஃபோன் வந்துச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "இங்கே ஒரு புலி நின்னு எனக்கு சல்யூட் அடிக்குது. யாராவது புரியற மாதிரி பேசறீங்களா?"

அண்ணி பேசினாள். புரிந்ததோ இல்லையோ, கார் டிக்கியைத் திறப்பது எப்படி என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்திருந்தது. ராணி உள்ளே மடிப்புக் கலையாமல் படுத்திருந்தாள். பக்கத்தில் பழைய கூடத்துக்கு இரண்டாவது சாவி ஒன்றும் பளபளவென்று கிடந்தது. மச்சான் இன்ஸ்பெக்டரோடு ஜீப்பில் ஏறும்போதும், மெமரி எவ்வளவு மிச்சம் பண்ணியிருக்கிறான் என்பதைத்தான் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தான்.

முதலாளி சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துத் தையல்காரம்மாவிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. புலிக்குப் பின்னால் போய், ஜிப்பில் சிக்கியிருந்த நூலைப் பல்லால் கடித்து எடுத்து, ஒரே இழுப்பில் கீழே இறக்கினாள். ரேடியோ மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். அவள் புலியை உதறி, ஹேங்கரில் போட்டு, முதல் வளையத்தில் மாட்டினாள். அதற்கப்புறம்தான் முதலாளியின் பக்கம் திரும்பினாள்.

"எத்தனை புலி ஐயா?"

முதலாளியின் கண் பழக்கதோஷத்தில் திரைப்பக்கம் ஓடியது.

"அங்கே இல்ல," என்றாள் தையல்காரம்மா. "மேலே பாத்துச் சொல்லுங்க."

முதலாளி அண்ணாந்து மேலே பார்த்தார். முதல் வளையத்திலிருந்து பன்னிரண்டாவது வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். காலி வளையங்களைக்கூட விடவில்லை.

"ஒண்ணும்மா," என்றார்.

அவள் கையை நீட்டிச் சாவிக்கொத்தை வாங்கி, இடுப்பில் அதன் இடத்தில் மாட்டிக்கொண்டாள்.